நூல்பட்டறைச் சந்துக்குத் திரும்பி வந்த கரண்ட் கட்

இருட்டு நடந்து வரும்னு சொன்னா நீங்க நம்புவீங்களோ மாட்டீங்களோ, எனக்கு அதைப் பத்திக் கவலையில்ல. மதுரையில எங்க நூல்பட்டறைச் சந்துக்கு அது நடந்துதான் வந்துச்சு. ஆடி மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்துல, கிழக்கு முனையில இருக்கிற தண்ணித் தொட்டியைத் தாண்டி வந்து, முதல் வீட்டு டியூப்லைட்டை அணைச்சு, அடுத்த வீட்டு ஃபேனை நிறுத்தி, அதுக்கடுத்த வீட்டு டிவியில மாமியாக்காரி மருமகளை அறையக் கை ஓங்கினப்போ அந்தக் கையோட டிவியையும் அணைச்சு, என் மாவுக் கடை வாசல்ல செத்த நேரம் நின்னு, நல்லா ஓடிக்கிட்டிருந்த கிரைண்டரை ஒரு முக்கு முக்க வச்சு நிறுத்திட்டு, மேக்கால பஸ்ரோட்டு ஓரம் வரைக்கும் போயி அங்கன உக்காந்துக்கிருச்சு.

கரண்ட் கட்டுன்னு நினைச்சு ஆளாளுக்கு போனை எடுத்து டார்ச்சைத் தட்டினா, போனும் செத்துப் போயிக் கிடக்கு. இன்வெர்ட்டரும் மூச்சு விடல, எமர்ஜென்சி லைட்டும் எரியல, சுவர்க் கடிகாரம்கூட அப்படியே நின்னு போச்சு. ஆனா பஸ்ரோட்டுல பாத்தா ஜவுளிக் கடை, ஜூஸ் கடை எல்லாம் ஜெகஜோதியா எரியுது. கத்தியால கேக் வெட்டினாப்புல அந்தப் பக்கம் வெளிச்சம், இந்தப் பக்கம் நாங்க. ஒரு மணி நேரம் போல இருந்துட்டு, வந்த மாதிரியே வீடு வீடா எந்திரிச்சு அது பாட்டுக்குப் போயிருச்சு. மறுநாளும் வந்துச்சு. லைன்மேன் வந்து கம்பத்துல ஏறி டெஸ்டரை வச்சுப் பாத்துட்டு, "கம்பியில கரண்ட் ஓடுதுக்கா, பல்புக்குள்ளதான் ஏற மாட்டேங்குது, இதுக்கு நான் என்ன செய்ய"ன்னு இறங்கி, எங்ககூட உக்காந்து ஒரு டீயைக் குடிச்சுட்டுப் போனாரு.

முதல்ல கண்டுபிடிச்சது சுந்தரவல்லி டீச்சர்தான். பெரிய ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரம்மாவா இருந்து ரிட்டயர் ஆனவங்க, எதையும் லேசுல ஒத்துக்கிற ஆளில்ல. மூணாம் நாளு இருட்டு அவங்க வாசலைத் தாண்டும்போது மூக்கை உறிஞ்சி மோந்து பாத்துட்டு, என்னைப் பாத்து, "அடியே தவமணி, இது புதுசு இல்லடி, இது நம்ம பழைய கரண்ட் கட்டு!"ன்னாங்க. அப்புறந்தான் எங்களுக்கும் புரிஞ்சுச்சு. டிவியில ஒரே ஒரு சேனல் வந்த காலத்துல, வெள்ளிக்கிழமை பாட்டுப் போடுறப்ப சொல்லி வச்சாப்புல வரும் பாருங்க, அதே கரண்ட் கட்டு, அதே கொசுவத்தி வாசம், அதே வெக்கை, "போச்சுடா!"ன்னு சந்து முழுக்க ஒரே குரல்ல கத்தின அதே சத்தம் எங்களை அறியாம எங்க வாயிலருந்து வந்துச்சு. இன்வெர்ட்டர் வாங்குற வரைக்கும் எங்களோட இருந்த ஆளு, நாங்கதான் வேணாம்னு விரட்டி விட்டோம், எங்கெங்கயோ சுத்திட்டுத் திரும்பி வந்துருக்குன்னு நினைச்சப்ப, சொன்னா சிரிப்பீங்க, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

விருந்தாளி வந்தா வீட்டுப் பழக்கம் மாறுமில்ல, அது மாதிரி சந்தே மாறிப் போச்சு. சாயங்காலமானா பிளாஸ்டிக் சேரு, மடக்குக் கட்டிலு, கிழிஞ்ச பாயி எல்லாம் வாசலுக்கு வந்துரும். மாடியும் கீழுமா வருஷக்கணக்கா குடியிருந்து பேரு தெரியாதவங்க பேரைத் தெரிஞ்சுக்கிட்டாங்க. காலேஜ் பிள்ளைக முதல்ல "நெட்டு இல்லாம எப்படி இருக்கிறது"ன்னு தலையில அடிச்சுக்கிட்டு பஸ்ரோட்டு டீக்கடைக்கு ஓடுச்சுக. அப்புறம் அதுகளே வந்து, "டீச்சர், அந்தப் பேய்க் கதையை விட்ட இடத்துலருந்து சொல்லுங்க"ன்னு டீச்சர் காலடியில உக்காந்துச்சுக. ஒண்ணுமே தெரியாத இருட்டுல வெக்கமில்லாம பாடுறவங்க பாடினாங்க, அழறவங்க அழுதாங்க, யாரு அழுதான்னு மறுநாள் யாரும் கேட்டுக்கிறல.

இதைச் சொல்றேன்னு என்னை மிஷினுக்கு எதிரின்னு நினைச்சுராதீங்க. கிரைண்டர் மட்டும் இல்லாட்டி என் இடுப்பு எப்பவோ கழண்டுருக்கும், அது எனக்குத் தெரியாதா? என் மகன் பூனாவுல இருக்கான், நெதம் போன்ல முகத்தைப் பாத்துப் பேசுறேன், பேசலைன்னா எனக்குச் சோறு இறங்காது. ஆனா அதே போனுதான் என்னையும் என் தம்பியையும் பிரிச்சுச்சு. நல்லது பண்ற கையே குத்தவும் செஞ்சா அந்தக் கையை என்ன பண்றது சொல்லுங்க.

என் தம்பி ராசாங்கம் எதிர்த்த வீடு. என் வாசலுக்கும் அவன் வாசலுக்கும் நடுவுல ஒரு மாட்டுவண்டி போற இடந்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவன் மகளுக்குக் கல்யாணம் வச்சான். அத்தைக்காரி நான், வெத்தலை பாக்குத் தட்டோட வீட்டுக்கு வந்து, பொண்டாட்டியும் புருஷனுமா நின்னு, "அக்கா, முன்னால வந்து நடத்திக் குடு"ன்னு கூப்பிடணுமா வேணாமா? கூப்பிடல. பத்திரிகையை போட்டோ எடுத்து போன்ல அனுப்பினான். எதிர்த்த வீட்டுலருந்து! "அனைவரும் வருக"ன்னு கீழ ஒரு ரோசாப்பூ வேற. ஊருக்கெல்லாம் அனுப்பின அதே ரோசாப்பூ. நான் பாத்தேன்னு அவனுக்கு நீல டிக் போயிருக்கும். போகட்டும்னு விட்டேன். கல்யாணத்தன்னைக்குக் கடையைத் திறந்து வச்சு மாவு அரைச்சேன். மேளச் சத்தம் கேட்டுறக் கூடாதுன்னு கிரைண்டரை நிறுத்தவேயில்ல. அன்னையிலருந்து அவன் என் மூஞ்சியைப் பாக்கல, நான் அவன் மூஞ்சியைப் பாக்கல.

இருட்டுல மூஞ்சி இல்லையே. அது வந்த நாலஞ்சு நாள்ல, எதிர்ப்பக்கம் சேரு இழுக்கிற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் ஒரு செருமல். எங்க அப்பா செருமுற மாதிரியே செருமுவான். "சின்ன வயசுல கரண்ட் கட்டுல நீ என்னைய ஒளிய வச்சுட்டுத் தேடாம தூங்கப் போயிட்ட, ஞாபகம் இருக்கா?"ன்னு இருட்டைப் பாத்துக் கேட்டான். யாரைக் கேட்டான்னு சொல்லல. "நீ ஒளிஞ்ச இடம் ஊருக்கே தெரியும், தேடுறதுக்கு என்ன இருக்கு"ன்னு நானும் இருட்டைப் பாத்துச் சொன்னேன். சந்தே சிரிச்சுச்சு.

அதுக்கப்புறம் நெதமும் பேசினோம். என் தம்பி ஒரு விஷயத்துக்கு நேரா வர மாட்டான், ஊரைச் சுத்தி, கோயிலைச் சுத்தி, கடைசியிலதான் வாசலுக்கு வருவான். ஆனா வந்துக்கிட்டே இருந்தான். "அந்தக் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நாளு…"ன்னு ஆரம்பிப்பான், டியூப்லைட் கண்ணைச் சிமிட்டும், அவன் பொசுக்குன்னு எந்திரிச்சு உள்ள போயிருவான். மறுநாளும் ஆரம்பிப்பான், மறுநாளும் போயிருவான். அந்த வாக்கியம் முடியிறதைக் கேக்கணும்னு நான் பகல் பூராம் காத்துக் கிடந்தேன். எனக்கு அவன் மன்னிப்புக் கேக்க வேண்டாம், அந்த வாக்கியத்தை முடிச்சாப் போதும்னு இருந்துச்சு.

இருட்டுக்கு ஒரு குணம் இருந்துச்சு. ஒரு தடவை ஒருத்தன் வியாபாரத்துக்கு ஆசைப்பட்டு பெட்ரோமாக்ஸ் ஏத்திக் கொண்டாந்து சுண்டல் விக்க ஆரம்பிச்சான், அது மானஸ்தன் மாதிரி வெடுக்குன்னு எந்திரிச்சுப் போயி ஒரு வாரம் வரல. நாங்க தவிச்சுப் போயிட்டோம். அப்புறம் சந்துல பேசி முடிவு பண்ணினோம், அந்த ஒரு மணி நேரம் யாரும் தீக்குச்சிகூட உரசக் கூடாது, சாமி விளக்கையும் முன்கூட்டியே ஏத்தி அமத்திறணும். வேற ஊர்ல இருட்டை ஓட்டுறதுக்குக் கூட்டம் போடுவாங்க. நாங்க இருட்டைக் காப்பாத்தக் கூட்டம் போட்டோம்.

இந்தக் கூட்டம் நடந்தப்ப மெஹருன் வரல. டீச்சர் வீட்டு மாடிக்குப் புதுசாக் குடி வந்த பொண்ணு. புருஷன் திருப்பூர்ல வேலை, வாரத்துக்கு ஒரு தடவை வருவாரு. நஸ்ரின்னு ஏழு வயசுல ஒரு மக. அந்தப் பிள்ளைக்குப் பிறவியிலருந்து காது கேக்காது. மூணு வயசுல ஆபரேஷன் பண்ணி உள்ளுக்குள்ள ஏதோ வச்சிருக்காங்க, வெளிய காது மேல கொக்கியாட்டம் ஒரு மிஷினு, அதுலருந்து ஒரு ஒயரு போயி முடிக்குள்ள காந்தத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும். அந்த மிஷின் வந்தப்புறந்தான் அப்பாவை "அத்தா"ன்னு கூப்பிட்டுச்சாம். அதைச் சொல்றப்ப மெஹருன் இன்னமும் அழும்.

ஒருநாள் மாவு வாங்க வந்தவ, காசைக் குடுத்துட்டுப் போகாம நின்னா. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த நேரத்துல பிள்ளையோட மிஷினும் நின்னு போகுது. வெளிச்சம் இருந்தா என் வாயைப் பாத்துப் புரிஞ்சுக்குவா. இருட்டுல அவளுக்கு நான் இருக்கிறதே தெரியல. ஒரே ஒரு மெழுகுவத்தி, ரூமுக்குள்ள, கதவைச் சாத்திட்டு…"

நான் உடனே சரின்னு சொல்லியிருக்கணும். என் தம்பி அன்னைக்கு முந்தின நாள்தான் "ஒரு நாளு நானும் எம்பொண்டாட்டியும்…" வரைக்கும் வந்துருந்தான். "ஒரு மணி நேரந்தானம்மா, கட்டிப் புடிச்சுக்கிட்டுப் படுத்துக்க"ன்னேன். டீச்சரும் அதையேதான் சொன்னாங்க. மெஹருன் தலையை ஆட்டிட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் தினமும், நாங்க கீழ சிரிச்சுக்கிட்டு இருக்கிறப்ப, அவ மேல பிள்ளையோட உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டையில வச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே இருந்துருக்கா, அதிர்வாவது தெரியட்டும்னு. அது எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சுருந்தா என்ன பண்ணியிருப்போம்னும் எனக்குத் தெரியாது.

புரட்டாசி பொறந்திருந்துச்சு. சந்தோட மேக்கு முனையில, புதுசா நெட்டு கேபிள் பதிக்கணும்னு ஆள் உயரத்துக்குக் குழி தோண்டிப் போட்டிருந்தாங்க. அன்னைக்கு என் தம்பி சேரை வழக்கத்தைவிட முன்னுக்கு இழுத்துப் போட்டு, சுத்தாம நேரா ஆரம்பிச்சான். "அக்கா"ன்னான். ரெண்டு வருஷம் கழிச்சு அந்தச் சொல்லு. "அக்கா, அந்தக் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நாளு நானும் அவளும் தட்டை எடுத்துக்கிட்டு…"ன்னு சொல்றான், மாடியிலருந்து ஒரு அலறல். "நஸ்ரின்! பிள்ளையைக் காணோம்! கதவு திறந்து கிடக்கு!"

மெஹருன் அசந்து கண்ணை மூடின நேரத்துல பிள்ளை எந்திரிச்சு இறங்கிருச்சு. சந்தே எந்திரிச்சுருச்சு. "நஸ்ரின்! ஏ தாயி! நஸ்ரின்!"னு ஆளாளுக்குக் கத்துறோம், கிழக்க ஓடுறோம், மேக்க ஓடுறோம், ஒருத்தர் மேல ஒருத்தர் முட்டிக்கிறோம். போன் போட்டு யாருக்குச் சொல்ல, போனு செத்துக் கிடக்கு. மெஹருன் படியிலருந்து உருண்டு விழாத குறையா இறங்கி வந்து கத்தினா. "கூப்பிடாதீங்க! அவளுக்குக் கேக்காது! அல்லாவுக்காக யாராவது வெளிச்சம் போடுங்க!"

ஓடிக்கிட்டிருந்த கால் எல்லாம் நின்னு போச்சு. வெளிச்சம் ஏத்தினா இருட்டு போயிரும்னு எல்லாருக்கும் தெரியும். இந்தத் தடவை போனா சும்மா கோவிச்சுக்கிட்டுப் போகாது, மொத்தமாப் போயிரும்னும் எப்படியோ தெரிஞ்சுச்சு. எதிர்ப்பக்கம் என் தம்பி மூச்சு விடுறது எனக்குக் கேட்டுச்சு. அவன் வாக்கியம் பாதியில நிக்குது. நான் கடைக்குள்ள போனேன். கை தடவினதுல உளுந்துச் சாக்கு ஆம்பிட்டுச்சு. அதை மூங்கில் கம்புல சுத்தி, தோசை எண்ணெய் டின்னை அது மேல கவுத்து, அடுப்புக்குப் பக்கத்துல இருந்த தீப்பெட்டியை எடுத்து உரசினேன். அழுதுக்கிட்டேதான் உரசினேன், இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

சாக்கு குப்புன்னு புடிச்சுச்சு. அதைப் பாத்துட்டு டீச்சர் சூடத்தைக் கொளுத்தினாங்க, ஒருத்தர் பேப்பர்க் கட்டைக் கொளுத்தினாரு, காலேஜ் பிள்ளைக பழைய டயரை உருட்டிக் கொண்டாந்து போட்டுச்சுக. தரையிலருந்து மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரு வரைக்கும் வெளிச்சம். இருட்டு அன்னைக்கு வீடு வீடாப் போகல. பாயைச் சுருட்டுற மாதிரி ஒரே சுருட்டு, தண்ணித் தொட்டியைத் தாண்டிப் போயே போச்சு. அது போற வேகத்துல டியூப்லைட் எல்லாம் படபடன்னு எரிய, என் கிரைண்டர் அது பாட்டுக்கு ஓட ஆரம்பிச்சுச்சு.

பிள்ளை மேக்கு முனையில நின்னுச்சு. பஸ்ரோட்டு வெளிச்சத்தைப் பாத்து, அங்கன போனா மிஷினு வேலை செய்யும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. சுவத்தைத் தடவித் தடவிப் போயிருக்கு. கண்ணு தூரத்து வெளிச்சத்துல, காலு குழிக்கு மேல. தூக்கின காலைக் கீழ வைக்கணும், அவ்வளவுதான் பாக்கி. அந்நேரம் மிஷினுக்கு உயிர் வந்து, வெளிச்சத்துல அதைப் பாத்துட்ட மொத்தச் சந்தும் பேரைச் சொல்லிக் கத்தினது அது காதுக்குள்ள போயிருக்கு. வெடுக்குன்னு திரும்பிப் பாத்துச்சு. என் தம்பிதான் ஓடிப் போயித் தூக்கினான்.

அதுக்கப்புறம் இருட்டு வரல. நாங்களும் காத்துப் பாத்தோம். சேரைப் போட்டு உக்காந்து, கிழக்க பாத்து, கொட்டாவி விட்டுட்டு எந்திரிச்சுப் போனோம். ஒரு நாள் டீச்சர் சொல்லி எல்லாரும் மெயினை அணைச்சுப் பாத்தோம். அது இருட்டு மாதிரியே இல்ல. ஆளுக்கு ஆளு மடியில போன் மினுங்குது, இன்வெர்ட்டர் கீக்கீன்னு கத்துது, "எப்ப போடப் போறீங்க"ன்னு ஒருத்தன் கேக்குறான். போட்டுட்டோம். மெஹருன் கொஞ்ச நாளு தலையைக் குனிஞ்சுக்கிட்டே போனா, தன்னால போச்சேன்னு. யாரும் அவளைக் குறை சொல்லல, ஆனா அந்த இருட்டு நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஆளாளுக்கு மனசுக்குள்ள ஏங்கிக்கிட்டோம். நான் ரொம்பவே ஏங்கினேன். என் தம்பி சேரு மட்டும் சாயங்காலமானா வாசலுக்கு வரும், அவன் அதுல உக்காந்து போனைப் பாத்துக்கிட்டு இருப்பான், நான் கிரைண்டரைப் பாத்துக்கிட்டு இருப்பேன்.

ஐப்பசியில ஒரு சாயங்காலம் மெஹருன் மாவுக்கு வந்தா, கையைப் புடிச்சுக்கிட்டு நஸ்ரின். அந்தப் பிள்ளை என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னுட்டு, அதுக்கே உள்ள ஒரு மாதிரி மூக்கடைச்ச குரல்ல, "பெரியம்மா, இருட்டுல எல்லாரும் என்ன பேசினீங்க? எனக்கு மட்டும் கேக்கல"ன்னு கேட்டுச்சு.

கிரைண்டரை நிறுத்திட்டு, டீச்சர் சொன்ன பேய்க் கதை, நான் தம்பியை ஒளிய வச்ச கதை எல்லாம் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அது எதிர்த்தாப்புல கையை நீட்டுச்சு. "அந்த மாமா என்ன சொன்னாரு?"

"தெரியாது தாயி. அவரு முடிக்கவே இல்ல. போயி நீயே கேளு"ன்னேன், அவன் காதுல விழட்டும்னே.

பிள்ளை நேரா சந்தைத் தாண்டிப் போயி அவன் முன்னால நின்னுச்சு. மெஹருன் பின்னாலயே போயி, "அண்ணே, அவ முகத்தைப் பாத்து, மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா சொல்லுங்க"ன்னா. என் தம்பி தலைக்கு மேல எரியிற டியூப்லைட்டைப் பாத்தான், பிள்ளையைப் பாத்தான். எந்திரிச்சுப் போயிருவான்னு நினைச்சேன். போனைச் சேருக்கு அடியில வச்சான்.

மெதுவாச் சொன்னான். ஒவ்வொரு வார்த்தையாத்தான் சொன்னான், ஆனா முகத்தைக் குனிஞ்சு பிள்ளைகிட்டச் சொன்னதால என் கடை வரைக்கும் எட்டல. சொல்லி முடிச்சதும் நஸ்ரின் திரும்பி என்கிட்ட வந்துச்சு. அதுக்குப் பேச்சுச் சொல்லித் தர்ற கிளாஸ்ல ஒரு பழக்கம், எதைக் கேட்டாலும் சரியாக் கேட்டுச்சான்னு பாக்கத் திருப்பிச் சத்தமாச் சொல்லணும். என் முன்னால நின்னு, முகத்தைப் பாத்து, சந்தே கேக்கச் சொல்லுச்சு.

"கல்யாணத்துக்கு முன்னாடி. ஒரு நாள். மாமாவும் அத்தையும். தட்டு எடுத்துக்கிட்டு. உங்களைக் கூப்பிட வந்தாங்க. நீங்க போன்ல சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தீங்க. மாமா அக்கான்னு கூப்பிட்டாரு. நீங்க யாருன்னு பாக்கவே இல்ல. செத்த இருங்க, மாவு வருதுன்னு கையைக் காட்டுனீங்க. ரொம்ப நேரம் நின்னாங்க. தட்டோட திரும்பிப் போயிட்டாங்க."

ஒரு வார்த்தை விடாமச் சொல்லிட்டு, அந்தக் கிளாஸ்ல அதை எப்படிக் கேப்பாங்களோ அப்படியே என்னைக் கேட்டுச்சு.

"கேட்டுச்சா, பெரியம்மா?"

"கேட்டுச்சு தாயி"ன்னேன். "நல்லாக் கேட்டுச்சு."

மாவுக் கையோட அப்படியே நிமிந்து எதிர்த்தாப்புல பாத்தேன். சந்து முழுக்க டியூப்லைட் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, ராசாங்கம் எந்திரிச்சுப் போகல.